புதிய உறுப்பும் சரீரத்தின் காவலும்



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி, அந்த ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு அறிவிக்கப்பட்டது. ஜப்பானைச் சேர்ந்த ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவைச் சேர்ந்த மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரே அந்த மூவர். நம் எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்கிவிடாதபடி அதை அடக்கி வைக்கும் ஒருவகை வெள்ளையணுக்களைக் கண்டறிந்து விளக்கியதற்காக இந்தப் பரிசு கிடைத்தது. உறுப்பு மாற்று சிகிச்சைக்கும் இதனால் நன்மை வரும் என்ற செய்தி பரவிற்று. அதுமுதல் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, இனிமேல் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லையாமே, மெய்தானா?"

கேள்வி நியாயமானது. ஆனால் பதில் ஒரு வார்த்தையில் அடங்காது. "இல்லை" என்று மட்டும் சொன்னால், உலகின் பல மருத்துவமனைகளில் பொறுமையாக நடந்துவரும் நல்ல வேலை மறைந்துபோகும். "ஆம்" என்று சொல்லிவிட்டால், அதை நம்பி ஒருவர் தாயோ சகோதரனோ கொடுத்த சிறுநீரகத்தையே இழந்துபோகலாம். ஆகவே இந்த மாதம் இப்பொருளை ஒரு பாடமாக எடுத்துப் படிப்போம். மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறோம்.

1. சரீரம் ஏன் எதிர்க்கிறது?

நம் சரீரத்தின் உயிரணுக்கள் பெரும்பாலும் எல்லாவற்றின் மேற்புறத்திலும் எச்.எல்.ஏ. என்ற அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தகப்பனிடமிருந்தும் பெறுகிறோம். ஆகையால் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பாதிப் பொருத்தம் நிச்சயம் உண்டு. முழுப் பொருத்தம் அபூர்வம். உடன்பிறந்த இருவர் முழுவதும் ஒத்திருக்க நாலில் ஒரு வாய்ப்புத்தான். இரத்த வகை ஒத்திருந்தாலும் இந்த அடையாளங்கள் வேறுபட்டிருக்கும்.

இந்த அடையாளங்களைச் சோதித்துப் பார்க்கிறவை டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். அவை எலும்பு மஜ்ஜையில் தோன்றி, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குச் சென்று வளர்கின்றன. அங்கே அவற்றுக்கு ஒரு பரீட்சை உண்டு. சொந்த சரீரத்தின் அடையாளங்களைக் கடுமையாக எதிர்க்கும் செல்கள் பெரும்பாலும் அங்கேயே அழிந்துபோகின்றன. தேறியவை இரத்தத்தில் இறங்கிச் சுற்றி வருகின்றன. வேறொருவரின் சிறுநீரகம் உள்ளே வைக்கப்படும்போது, அது நன்மைக்காக வந்தது என்று இந்தச் செல்களுக்குத் தெரியாது. அந்நிய அடையாளம் கண்டதும் அவை எழும்பித் தாக்குகின்றன. வார்டுகளில் இதைத்தான் "ரிஜக்ஷன்" என்கிறார்கள்.

இந்த எதிர்ப்புக்கு ஞாபகமும் உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் கிளாஸ்கோ நகரில் தீக்காயங்களுக்கு ஒட்டப்பட்ட தோலைப் பற்றி தாமஸ் கிப்சன், பீட்டர் மெடவார் என்ற இருவரும் 1943-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவர்மேல் வைத்த தோல் சில நாட்களில் கழன்றுவிட்டது. அதே நபரிடமிருந்து இரண்டாம் முறை எடுத்து வைத்தபோது முன்னைவிடச் சீக்கிரமாகவே அழிந்தது. சரீரம் முதல் சந்திப்பை மறக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி. இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் முடிவில் இது நமக்கு வேண்டியிருக்கும்.

2. இரட்டையர் கற்பித்தது

எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளவும் சரீரத்தால் முடியும் என்று முதலில் காட்டியவை கன்றுக்குட்டிகள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் இரட்டைக் கன்றுகளின் இரத்தத்தைச் சோதித்து 1945-ல் ஓர் உண்மையை வெளியிட்டார். கருப்பையில் இரு கன்றுகளின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தபடியால், ஒவ்வொரு கன்றும் மற்றதின் இரத்த அணுக்களைத் தனக்குள் வைத்திருந்தது. வளர்ந்த பின்பும் எதிர்ப்பு எழவில்லை.

மெடவாரும் அவருடைய உடன் ஊழியர்களான பில்லிங்காம், பிரெண்ட் இருவரும் இதைப் பின்தொடர்ந்தார்கள். பிறவாத எலிக்குட்டிகளுக்கு வேறொரு இன எலியின் செல்களைச் செலுத்தினார்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்த பின் அதே இனத்தின் தோலை ஏற்றுக்கொண்டன; மற்ற இனங்களின் தோலையோ வழக்கம்போலத் தள்ளிவிட்டன. 1953-ல் வெளிவந்த இந்த ஆய்வுக்காக மெடவாருக்கும், ஆஸ்திரேலியாவின் மக்ஃபார்லேன் பர்னெட்டுக்கும் 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஒரு குறிப்பிட்ட அந்நியத்தை மட்டும் எதிர்க்காமல், மற்றவற்றை எதிர்க்கும் பலத்தை இழக்காமல் இருப்பதையே மருத்துவர்கள் "சகிப்பு" என்கிறார்கள். இந்தப் பாடத்தில் அந்த வார்த்தையை இந்த அர்த்தத்தில் மட்டுமே வழங்குகிறோம்.

மனிதரில் முதல் வெற்றியும் இரட்டையரிடமே கிடைத்தது. 1954 டிசம்பர் 23-ஆம் தேதி பாஸ்டன் நகரின் பீட்டர் பெண்ட் பிரிகாம் மருத்துவமனையில் டாக்டர் ஜோசப் மரேயும் அவருடைய குழுவினரும் ரொனால்டு ஹெரிக்கின் ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவருடைய சகோதரன் ரிச்சர்டுக்கு வைத்தார்கள். இருவரும் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர். அடையாளங்கள் ஒன்றாயிருந்தபடியால் எதிர்ப்பு எழவில்லை. ரிச்சர்டு தம்மைப் பராமரித்த தாதியையே மணந்து, இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, 1963 வரை உயிரோடிருந்தார். ஆனால் இப்படி ஒரு இரட்டைப் பிறப்பு எத்தனை பேருக்கு உண்டு? மற்றவர்களுக்கு மருந்துதான் துணையாக வேண்டியிருந்தது.

3. நாயைக் கட்டிப்போடுதல்

ஒரு வீட்டு உதாரணத்தால் இதை விளக்குகிறோம். காவலுக்கு ஒரு நல்ல நாய் இருக்கிற வீட்டிற்குப் புது மருமகள் வருகிறாள். நாய்க்கு அவள் அந்நியம், குரைத்துப் பாய்கிறது. அதைச் சங்கிலியால் கட்டிப்போட்டால் மருமகள் பத்திரமாக நடமாடலாம். ஆனால் அன்றிரவு திருடன் வந்தாலும் நாய் கட்டிலேயே கிடக்கும்.

எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள் அந்தச் சங்கிலி. 1960-களில் அசதயோபிரினும் ஸ்டீராய்டும் வழக்கத்துக்கு வந்தன. நம் நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. பின்பு நார்வே தேசத்தின் பீடபூமி மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. 1978-ல் கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1983-ல் அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது. ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்து டாக்ரோலிமஸும், ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்து சிரோலிமஸும் வந்தன. இம்மருந்துகளால் பிழைத்தவர்கள் உலகமெங்கும் ஏராளம். அவற்றைக் குறைவாகப் பேச எங்களுக்கு மனமில்லை.

என்றாலும் சங்கிலியின் பாரத்தையும் சொல்லவேண்டும். கட்டுண்ட காவலைப் பார்த்துக் காசநோயும், பூஞ்சையும், வைரஸ் கிருமிகளும் உள்ளே வருகின்றன. சிலருக்குச் சர்க்கரை வியாதி புதிதாகத் தொடங்குகிறது. கை நடுங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. வருஷங்கள் செல்லச்செல்ல சிலவகைப் புற்றுநோய்களின் அபாயம் கூடுகிறது. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் தாங்கள் காக்க வந்த சிறுநீரகத்தையே மெல்லச் சேதப்படுத்தவும் கூடும். மாதாமாதம் மருந்துக்கு ஆகும் செலவைப் பற்றி, இப்படிப்பட்ட வீடுகளை அறிந்த உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நாயைக் கட்டாமலே அடக்க வழி உண்டா? அந்த வீட்டில் எல்லாரும் அறிந்த வழி ஒன்று உண்டு. வீட்டுக்காரர் வெளியே வந்து, "சும்மா இரு, இது நம்ம வீட்டுப் பிள்ளை" என்று அதட்டுகிறார். நாய் உட்காருகிறது. மருமகளை மறுபடி கண்டாலும் பாயாது. திருடனைக் கண்டால் பாயும். சரீரத்திலும் அப்படி அதட்டி அமர்த்துகிறவர்கள் உண்டா என்பதே ஆராய்ச்சியாளர்களின் கேள்வி.

4. அதட்டும் செல்கள் கண்டுபிடிக்கப்பட்ட விதம்

1970-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு கெர்ஷன், டி செல்களில் சில எதிர்ப்பைத் தூண்டாமல் அடக்குகின்றன என்று கூறினார். பலர் அந்த வழியில் சென்றார்கள். ஆனால் அந்தச் செல்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்ட நிச்சயமான அடையாளம் கிடைக்கவில்லை. அவற்றுக்கு உரியதென்று நம்பப்பட்ட மரபணுவும் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்று 1980-களில் தெரிந்தது. அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே ஆராய்ச்சியாளர்கள் கூச்சப்பட்டார்கள்.

சகாகுச்சி மட்டும் விடவில்லை. பிறந்து மூன்று நாளான எலிக்குட்டியின் தைமஸை எடுத்துவிட்டால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்ததோ வேறு. அந்த எலிகளின் எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி, அவற்றின் சொந்த உறுப்புகளையே தாக்கிற்று. ஆரோக்கியமான எலியின் டி செல்களை அவற்றுக்குக் கொடுத்தபோது நோய் வராமல் தடுக்கப்பட்டது. அப்படியானால் அந்த டி செல்களுக்குள் அடக்குகிறவை இருக்கவேண்டும். பல வருஷ உழைப்புக்குப் பின், 1995-ல், சி.டி. 25 என்ற அடையாளத்தைத் தாங்கிய செல்களே அவை என்று காட்டினார்.

மற்றொரு சாட்சி வேறொரு இடத்திலிருந்து வந்தது. 1940-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தோல் செதில் செதிலாக உரியும் ஆண் எலிக்குட்டிகள் பிறந்தன. சில வாரங்களில் அவை செத்தன; அவற்றின் சரீரத்தை அவற்றின் டி செல்களே அழித்துக்கொண்டிருந்தன. இதற்குக் காரணமான மரபணுவைப் பிரன்கோவும் ராம்ஸ்டெலும் தேடினார்கள். சந்தேகத்துக்குரிய இருபது மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, இருபதாவதில்தான் பழுது அகப்பட்டது. 2001-ல் அதற்கு ஃபாக்ஸ்-பி-3 என்று பெயரிட்டார்கள். ஆண் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் என்ற அரிதான கொடிய நோய்க்கும் அதே மரபணுவின் பழுதே காரணம் என்று தெரியவந்தது. 2003-ல் இரண்டு வழிகளும் ஒன்றாய்ச் சேர்ந்தன. சகாகுச்சி கண்ட செல்களை அடக்கும் செல்களாக ஆக்குவது இந்த ஃபாக்ஸ்-பி-3 தான்.

இவற்றுக்கு ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்று பெயர். நம் இரத்தத்தில் உதவி டி செல்கள் என்ற வகை நூறு இருந்தால், அவற்றில் 5 முதல் 10 வரை இவ்வகை. எண்ணிக்கையில் கொஞ்சம், இவை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் குழந்தைகளே சாட்சி.

5. அவை செய்யும் வேலை

இந்தச் செல்கள் எதிர்ப்பை அடக்கும் வழிகளில் மூன்றைச் சொல்கிறோம். முதலாவது, தாக்கும் செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற ஊட்டம் வேண்டும். ஒழுங்குபடுத்தும் செல்கள் அதைத் தாங்களே உறிஞ்சிக்கொள்ளுகின்றன. இரண்டாவது, அந்நியம் வந்திருக்கிறது என்று அறிவிக்கும் தூதுச் செல்களின்மேல் ஒட்டி, அவை தூண்டும் சமிக்ஞையை எடுத்துப்போடுகின்றன. மூன்றாவது, வீக்கத்தைத் தணிக்கும் பொருட்களைச் சுரக்கின்றன.

இயற்கையிலேயே இதற்கு ஓர் அருமையான உதாரணம் உண்டு. கருவிலுள்ள சிசு தன் அடையாளங்களில் பாதியைத் தகப்பனிடம் பெற்றது; தாயின் சரீரத்துக்கு அது பாதி அந்நியம். ஆனாலும் தாய் அதை ஒன்பது மாதம் சுமக்கிறாள். 2004-ல் எலிகளில் செய்த ஆய்வு, கர்ப்ப காலத்தில் இந்தச் செல்கள் பெருகுகின்றன என்றும், அவற்றை நீக்கினால் அந்நியத் தகப்பனின் கரு தங்குவதில்லை என்றும் காட்டிற்று.

ஓர் அடக்கும் செல் தன் வேலையை மற்றவற்றுக்கும் கற்றுக்கொடுக்கும் என்பதும் தெரிந்தது. 1993-ல் இங்கிலாந்தில் ஹெர்மன் வால்ட்மனின் குழுவினர், அந்நியத் தோலைச் சகித்துக்கொண்ட எலிகளுக்குள், அதைச் சகிக்காத புதிய டி செல்களைச் செலுத்தினார்கள். புதியவை பழையவற்றோடிருந்து தாமும் சகிக்கக் கற்றுக்கொண்டன. கெட்ட பழக்கமே தொற்றும் என்று எண்ணுகிறோம், சமாதானமும் தொற்றுகிறது.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் இன்டர்லூக்கின்-2 உண்டாவதைத் தடுக்கின்றன. தாக்குகிறவை அதனால் அடங்குகின்றன. ஒழுங்குபடுத்துகிறவைகளும் அதே ஊட்டமின்றி வாடுகின்றன. சங்கிலி நாயைக் கட்டும்போது வீட்டுக்காரரின் கையையும் சேர்த்துக் கட்டுகிறது. மாத்திரையைக் குறைக்க வழி தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6. நோயாளிகளிடம் செய்து பார்த்தவை

கல்லீரல் மற்ற உறுப்புகளைவிடச் சாந்தமானது. 1969-லேயே ராய் கால்ன், பன்றிகளில் மாற்றி வைத்த கல்லீரல் மருந்தின்றியே நிலைப்பதுண்டு என்று அறிவித்தார். ஐரோப்பாவில் பல வருஷங்களுக்குமுன் கல்லீரல் பெற்று நலமாயிருந்த 98 பேருக்கு மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். 2013-ல் வெளிவந்த முடிவின்படி 41 பேர் மருந்தின்றி இருந்தார்கள். மற்றவர்களுக்கு முடியவில்லை.

2008-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஒரு செய்தியை வெளியிட்டது. அடையாளங்கள் பாதி மட்டுமே ஒத்த உறவினரிடமிருந்து ஐந்து பேருக்குச் சிறுநீரகமும், அதே உறவினரின் எலும்பு மஜ்ஜையும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. நால்வர் 9 முதல் 14 மாதங்களுக்குள் எல்லா மாத்திரைகளையும் நிறுத்த முடிந்தது. ஒருவர் அந்தச் சிறுநீரகத்தை இழந்தார். மாத்திரை நிறுத்தியவர்களின் சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தபோது, ஃபாக்ஸ்-பி-3 மிகுதியாகக் காணப்பட்டது. அடக்கும் செல்கள் அந்த உறுப்புக்குள்ளேயே காவலிருந்தன என்று அதனால் எண்ண இடமுண்டு.

ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் மாற்று பெற்ற பத்துப் பேருக்கு, அவர்களுடைய சொந்தச் செல்களையே எடுத்து, தானம் கொடுத்தவரின் செல்களோடு சேர்த்து இரண்டு வாரமளவு வளர்த்து, ஒழுங்குபடுத்தும் செல்கள் மிகுந்த கலவையாக்கித் திரும்பச் செலுத்தினார்கள். 2016-ல் வெளிவந்த முடிவின்படி ஏழு பேர் மாத்திரையை முற்றிலும் விட்டார்கள். மூவருக்கு மருந்தைக் குறைக்கும்போதே எதிர்ப்புத் தலைகாட்டிற்று. அந்த மூவரும், சொந்த எதிர்ப்புச் சக்தி கல்லீரலைத் தாக்கிய நோயினால் முன்பே கல்லீரலை இழந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. அவர்கள் மறுபடியும் மாத்திரைக்குத் திரும்பினார்கள்.

2020-ல் ஐரோப்பா, அமெரிக்கா மருத்துவமனைகள் பல சேர்ந்து "ஒன் ஸ்டடி" என்ற ஆய்வின் முடிவை வெளியிட்டன. உயிரோடிருப்பவர் தந்த சிறுநீரகத்தைப் பெற்ற 38 பேருக்கு ஒழுங்குபடுத்தும் செல்கள் கொடுக்கப்பட்டன. டி செல்கள் மட்டுமல்ல, அதே வேலையைச் செய்யும் வேறு வகை வெள்ளையணுக்களும் இதில் சோதிக்கப்பட்டன. 15 பேர் மூன்று மருந்துகளிலிருந்து ஒன்றுக்குக் குறைக்கப்பட்டார்கள். எதிர்ப்பு ஏற்பட்ட அளவு, வழக்கமான சிகிச்சை பெற்ற 66 பேரில் 12 சதவீதமும், செல் சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதமும் ஆகும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கிருமித்தொற்றுகளோ செல் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குறைவாயிருந்தன.

7. இன்னும் வராத நாள்

இவற்றைப் படிக்கும்போது மனதில் நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கை தவறல்ல. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள்: ஐந்து பேர், பத்துப் பேர், முப்பத்தெட்டுப் பேர். ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஒவ்வொருவரும் அடிக்கடி சோதிக்கப்பட்டவர், எதிர்ப்பு தலைகாட்டிய அன்றே மருந்து திரும்பக் கொடுக்க மருத்துவர் பக்கத்தில் இருந்தார்.

செல்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமென்றும் நினைக்கக்கூடாது. லண்டன் மருத்துவர்கள் கல்லீரல் பெற்ற சிலருக்கு இன்டர்லூக்கின்-2 மருந்தைச் சிறிய அளவில் கொடுத்தார்கள். இரத்தத்தில் ஒழுங்குபடுத்தும் செல்கள் பெருகின. ஆனால் மாற்றுக் கல்லீரலைச் சகிக்கும் நிலை வரவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். வீட்டுக்காரர் தெருவில் நின்றால் போதாது. புது மருமகள் நிற்கும் இடத்துக்கே வந்து, அவளைக் காட்டி அதட்டவேண்டும். ஆகவே தானம் கொடுத்தவரின் அடையாளத்தைத் தேடிச்சென்று ஒட்டும்படி இந்தச் செல்களை மாற்றியமைத்து, சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் முதற்கட்டச் சோதனைகள் தொடங்கப்பட்டிருக்கின்றன.

அடக்கும் செல்கள் எப்போதும் நன்மைதான் செய்யும் என்பதும் இல்லை. புற்றுநோய்க் கட்டிகள் இதே செல்களைத் தங்களைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு, தாக்குதலுக்குத் தப்பிக்கொள்ளுகின்றன. மேலும், ஒவ்வொரு நோயாளிக்கும் அவருடைய சொந்தச் செல்களைத் தனித்தனியாக வளர்க்க விசேஷ ஆய்வுக்கூடமும் மிகுந்த செலவும் வேண்டும்.

8. இன்று நாம் செய்யவேண்டியது

உங்கள் சபையிலோ தெருவிலோ மாற்று உறுப்பு பெற்ற ஒருவர் இருந்தால், இந்தச் செய்தியை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? எங்கள் ஆலோசனை இவை.

முதலாவது, மாத்திரையைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது என்று அன்போடும் உறுதியோடும் சொல்லுங்கள். உடம்பு நன்றாயிருப்பதால் சரீரம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அர்த்தமல்ல. மாத்திரை வேலை செய்கிறபடியால்தான் பெரும்பாலும் உடம்பு நன்றாயிருக்கிறது. எதிர்ப்பு தொடங்கும்போது வலி இல்லாமலும் இருக்கலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறிய பின்பே தெரியும்.

இரண்டாவது, ஜெபத்தினால் சுகம் கிடைத்தது, இனி மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாத்திரையை நன்றியோடு விழுங்குவதற்கும் விசுவாசத்துக்கும் பகையில்லை என்று பொறுமையாய் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மாத்திரை வாங்கப் பணமில்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுகிறவர்கள் அதை வெட்கத்தினால் மறைப்பார்கள். "மருந்து தீராமல் இருக்கிறதா?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல உற்சாகப்படுத்துங்கள். விலை குறைந்த மாற்று மருந்துக்கோ அரசு உதவிக்கோ வழி காட்டலாம். இரகசியமாகக் குறைத்தால் யாராலும் வழி காட்ட முடியாது.

நான்காவது, எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கும் சூரணம், லேகியம், டானிக் எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அவர் அடக்கி வைத்திருப்பதே அந்தச் சக்தியை அல்லவா? பம்பளிமாஸ் பழமும் சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளும் டாக்ரோலிமஸின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதை மிகவும் இறக்கிவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், "எனக்கு மாற்றுச் சிறுநீரகம் இருக்கிறது" என்பதே அவர் முதலில் சொல்லவேண்டிய வார்த்தை.

கிளாஸ்கோவின் தோலை மனதில் வைக்கச் சொன்னோமல்லவா? மாத்திரையை நிறுத்தி ஒரு சிறுநீரகத்தை இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அவருடைய சரீரம் அந்த அடையாளங்களுக்கு விரோதமான எதிர்ப்பொருட்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுகிறது. அடுத்த சிறுநீரகம் பொருந்துவது முன்னைவிடக் கடினமாகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் ஒரு பக்கம். கொடுத்த தாயின் ஒரு சிறுநீரகம் வீணானது மறுபக்கம்.

ஆகவே கேட்கிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பதில் இது: அதட்டி அமர்த்தும் செல்கள் மெய்யாகவே உண்டு. அவற்றால் மாத்திரையை விட்டவர்களும் உண்டு. அவர்கள் சிலர், மருத்துவரின் கண்முன்னே விட்டவர்கள். அந்த வழி எல்லாருக்கும் திறக்கும்வரை, இன்றைய மாத்திரையை இன்றைய வேளையில் சாப்பிட்டு, கிடைத்த உறுப்பைப் பத்திரமாய்க் காத்துக்கொள்வோம். காத்துக்கொண்டவர்களுக்கே அந்த நாள் பயன்படும்.

கூட்டங்களில் கலந்து பேச

1. எதிர்ப்புச் சக்தி முழுவதையும் அடக்குவதற்கும், ஓர் உறுப்பை மட்டும் சகித்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் கூறுங்கள்.

2. மூன்று நாள் எலிக்குட்டியின் தைமஸை எடுத்தபோது எதிர்பாராதது என்ன நடந்தது? அது எதைக் காட்டிற்று?

3. ஹொக்கைடோவில் ஏழு பேரால் முடிந்தது மூவரால் ஏன் முடியவில்லை? இதிலிருந்து நம் பகுதி நோயாளிகளுக்கு என்ன எச்சரிப்பு உண்டு?

4. மாத்திரை வாங்க முடியாததை வெட்கத்தினால் மறைக்கும் ஒருவருக்கு, அவர் மனம் நோகாமல் எப்படி உதவலாம்?